கரையில் 14 சென்டிமீட்டர்

கையால் சுற்றும் துளைக்கருவியை உறைந்த ஏரியின் ஐஸ்மேல் செங்குத்தாக நிறுத்தி, நெஞ்சை அதன் தலையில் சாய்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். துளையைச் சுற்றி வெள்ளைத் தூள் குவிந்தது. சட்டென்று பிடி தளர்ந்து கருவி கீழே இறங்கியது. கறுப்பாகத் தண்ணீர் மேலேறி வந்து, துளையின் வாய்க்கு ஒரு விரல் கீழே நின்றுகொண்டது. அளவுநாடாவின் கொக்கியை ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். 14 செ.மீ. கரையிலிருந்து முப்பது அடி தள்ளி எடுத்த அளவு அது.

நல்ல தெளிவான ஐஸாக இருந்தால் ஆள் நடக்க 10 செ.மீ. வேண்டும் என்பது குளிர் நாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நானும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோகூட இல்லை. போதும் என்று நினைத்தேன். துளைப் பக்கத்தில் ஒரு கிளையை நட்டுவிட்டு, ஆணி வைத்த டயர் போட்ட சைக்கிளில் ஏறி மிதித்தேன். அன்று நான் தண்ணீரில் விழுந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 14-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளந்ததில் தப்பில்லை. அந்த இடத்தில் 14 இருந்தது உண்மைதான். ஏரி முழுக்க 14 என்று நான் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

இதற்கு நடுவே ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், வானத்திலிருந்து பஞ்சு போல விழுவதும் பனிதான், ஏரியை மூடிக் கல்லாகக் கிடப்பதும் பனிதான். இந்தக் கட்டுரையில் மேலிருந்து விழுவதைப் பனி என்றும், ஏரித் தண்ணீர் உறைந்து ஆனதை ஐஸ் என்றும் எழுதுகிறேன். பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஐஸுக்குப் பனி உறவு இல்லை, பகை. ஐஸ்மேல் ஒரு முழம் பனி விழுந்தால் அது கம்பளி போர்த்தியது போல. மேலே −20 டிகிரி குளிர் இருந்தாலும் அந்தக் குளிர் அடிவரை போகாது, ஐஸ் தடிக்காது. போதாததற்குப் பனியின் பாரம் ஐஸை அழுத்தும். விரிசல் வழியாகத் தண்ணீர் மேலேறிப் பனியோடு கலந்து கூழாகும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும், சக்கரம் ஏறினால் அச்சு வரை புதையும். அந்தக் குளிரில் கால் நனைந்தால் கரைக்குத் திரும்புவதற்குள் விரல்கள் போய்விடும் அபாயம் உண்டு.

தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம். 4 டிகிரியில்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் 4 டிகிரித் தண்ணீர் குளிர்காலம் முழுக்க அப்படியே கிடக்கிறது. மீன்கள் பிழைப்பதும் இதனால்தான். ஆனால் ஐஸ்மேல் போகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காலுக்கு ஒரு சாண் கீழே உறைநிலைக்கு மேற்பட்ட தண்ணீர் இருக்கிறது. அது அசையாமல் இருக்கும்வரை சரி. ஓர் ஓடை வந்து கலக்கும் இடத்தில், இரண்டு கரைகள் நெருங்கும் இடுக்கில், பாலத்துக்கு அடியில், அடியூற்று இருக்கும் இடத்தில், அந்தத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் தண்ணீர் ஐஸை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலே ஒரு அடையாளமும் தெரியாது.

இன்னும் இருக்கின்றன. கோரை, நாணல் நிற்கும் இடத்தில் ஐஸ் பலமில்லாமல் இருக்கும். ஐஸில் சிக்கிய கருங்கல்லும் மரக்கட்டையும் வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றி உருக்கும். வாத்தும் அன்னமும் கூட்டமாகத் தங்கிய இடம் நேற்றுவரை திறந்த தண்ணீராக இருந்திருக்கும், இன்று மேலே ஒரு தோல் மட்டும் படிந்திருக்கும். மின்சாரத்துக்காகத் தண்ணீர் எடுக்கும் நீர்த்தேக்கமானால், அடியில் தண்ணீர் இறங்கி ஐஸ் அந்தரத்தில் தொங்கவும் கூடும். தண்ணீர் தாங்கினால்தான் ஐஸுக்குப் பலம்.

நிறத்தைப் பார்த்தும் கொஞ்சம் சொல்லலாம். அடித்தண்ணீரின் இருட்டு தெரியும் அளவுக்குக் கண்ணாடி போல இருப்பதுதான் பலமான ஐஸ். பனி நனைந்து உறைந்த பால்வெள்ளை ஐஸுக்கு அதே தடிமனில் பாதிப் பலம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். புதிதாக வருகிறவர்கள் கறுப்பைப் பார்த்துப் பயப்படுவார்கள், வெள்ளையைப் பார்த்து நம்புவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம் அந்தத் தடிமன் கணக்கு. இது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஐஸ் தாங்கும் பாரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கனடாவைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் 1971-ல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு பொறியாளர்கள் இந்த வாய்பாட்டைத்தான் எடுத்தாள்கிறார்கள். தடிமன் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு பாரம் தாங்கும். நல்ல செய்திதான். ஆனால் இதையே தலைகீழாகவும் படிக்க வேண்டும். 14 பாதியாகி 7 ஆனால், தாங்கும் பாரம் பாதி ஆவதில்லை, கால்வாசி ஆகிறது. 3.5 ஆனால் பதினாறில் ஒரு பங்கு. ஐஸ் மெலியும்போது பலம் இறங்குவது படிக்கட்டில் இறங்குவது போல இல்லை, சறுக்கு மரத்தில் இறங்குவது போல.

சைக்கிளின் ஆபத்து என்று நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. ஏரியைக் கடக்கிறவர்களில் நடந்து போகிறவர் கையில் கடப்பாரை வைத்திருப்பார், இரண்டு அடிக்கு ஒரு குத்துக் குத்திக்கொண்டே போவார். ஸ்வீடனில் சறுக்குக்காலணி போட்டு ஏரி ஏரியாகத் தொலைதூரம் போகிறவர்கள் கூர்முனைக் கழியால் ஐஸைக் குத்திப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதோடு ஒலியையும் கேட்பார்கள். ஐஸ் மெலிய மெலியக் காலடியில் எழும் ஒலியின் சுருதி ஏறும். தேர்ந்த காதுக்கு அது ஒரு அளவுகோல். பனிச்சறுக்குப் பலகையில் போகிறவருக்குப் பாரம் நீளப் பரவியிருக்கும்.

சைக்கிளில் போகிறவருக்கு இவை எதுவும் கிடையாது. இரண்டு கையும் கைப்பிடியில். கண் சக்கரத்துக்கு முன்னால் நாலைந்து மீட்டர் தூரத்தில். காது தொப்பிக்குள். டயரில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஆணிகள் ஐஸில் கொறிக்கும் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும். பாரம் முழுக்க இரண்டு உள்ளங்கை அளவு இடத்தில் இறங்குகிறது. மணிக்கு 20 கி.மீ. என்பது சாலையில் சாதாரண வேகம். ஐஸில் அது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். குத்திப் பார்க்காமல், கேட்காமல், வினாடிக்கு ஐந்தரை மீட்டர் முன்பின் தெரியாத ஐஸைக் கடந்துகொண்டே இருக்கிறோம். தாங்கும்வரை தாங்கும். நம்மைத் தாங்கியதாலேயே அடுத்த நூறு மீட்டரும் தாங்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்களே, அந்தக் குதிரை முதல் பத்து அடி நன்றாகத்தான் போயிருக்கும்.

தண்ணீரில் விழாவிட்டாலும் சைக்கிளுக்கு ஐஸ் பொல்லாத தரைதான். ஆணி இல்லாத டயரில் ஏறினால் திருப்பத்தில் வண்டி ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் இடுப்பு அல்லது தலை. ஆணி டயர் போட்டாலும் விரிசலில் கவனம் வேண்டும். பயணத் திசையிலேயே ஓடும் விரிசலில் முன்சக்கரம் இறங்கினால், தண்டவாளத்தில் சிக்கியது போல, கைப்பிடியைத் திருப்ப முடியாது. விரிசலை எப்போதும் குறுக்காகத்தான் வெட்டிப் போக வேண்டும். மீன்பிடிக்கிறவர்கள் போட்ட துளைகள் வேறு. மேலே மெல்லிய படலம் படிந்து பனி தூவிவிட்டால் துளை இருப்பதே தெரியாது. வழுவழுப்பான ஐஸில் பக்கக்காற்று அடித்தால் வண்டி நிற்கும் நிலையிலேயே நகரும். பனிப்புயல் வந்தால் வானமும் தரையும் ஒன்றாகிவிடும். கரை எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு மரம்கூட இருக்காது.

சரி, அன்றைக்கு நடந்தது.

மூன்று கி.மீ. போய்விட்டு வந்த வழியிலேயே திரும்பினேன். பாதித் தூரம் வந்ததும் வெளிச்சம் குறைந்தது. வந்த தடம் ஏரியின் நடுவே வளைந்து போனது. ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையை ஒட்டிக் கரையோரமாக நான் குறுக்கே போனால் பத்து நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அந்த முனைக்குப் பின்னால் ஒரு சிற்றோடை ஏரியில் கலக்கிறது. கோடையில் அதில் நான் கால் நனைத்திருக்கிறேன். அந்த நினைவு அப்போது வரவில்லை. பனி மூடிய ஏரியில் ஓடை இல்லை, கரை இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை.

சத்தம் எதுவும் முன்கூட்டி வரவில்லை. கண்ணாடி போல உடையும் என்று நினைத்திருந்தேன். ஈரத்துணி கிழிவது போல ஒரு ஓசை, அவ்வளவுதான். முன்சக்கரம் கீழே போனது, நான் கைப்பிடியைத் தாண்டி முன்னால் போய் விழுந்தேன். விழுந்த வேகத்தில் எனக்கு முன்னால் இருந்த ஐஸும் உடைந்தது. கால் சேற்றில் பட்டது. மார்பளவு ஆழம். அதனால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. யாரோ நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க மட்டும்தான் முடிந்தது. இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன், வெளியே விட வரவில்லை. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்திருந்தால் அத்தனை மூச்சும் தண்ணீராகத்தான் உள்ளே போயிருக்கும். உறைநீரில் விழுகிறவர்களில் பலர் குளிரில் விறைத்துச் சாவதில்லை. அதற்கு வெகு முன்பே, முதல் நிமிடத்தின் அந்த மூச்சிரைப்பில் மூழ்கிப் போகிறார்கள்.

மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை வாழ்நாள் ஆய்வாகச் செய்தவர், தானே பலமுறை உறைநீரில் இறங்கிப் பார்த்தவர். அவர் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்று எண்கள்: 1, 10, 1. விழுந்ததும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்க 10 நிமிடம். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். இதில் நடு எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் உயிர் இருக்கும், ஆனால் பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல் மடங்காது, கை ஊன்றாது. வெளியேறுவதாக இருந்தால் அந்தப் பத்துக்குள் வெளியேற வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். கையுறைக்குள் விரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

என்னிடம் ஐஸில் குத்தி ஏறும் ஆணிகள் இருந்தன. கயிற்றில் கோத்த இரண்டு சிறிய கைப்பிடிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கூரான இரும்பு. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஐஸில் இறங்குகிறவர்கள் அவற்றைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொள்வார்கள். என்னுடையவை முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில், ஜிப் போட்டுப் பத்திரமாக இருந்தன. முதுகுப்பையைக் கழற்றவே முடியவில்லை, ஜிப்பைப் பற்றி என்ன சொல்வது. முழங்கையால் ஐஸை உடைத்து உடைத்து, சேற்றில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, கரைக்கு ஏறினேன். பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் இருக்கும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. சைக்கிளை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆழமான இடமாக இருந்திருந்தால் செய்ய வேண்டியது வேறு. அதை இப்போது மனப்பாடமாக வைத்திருக்கிறேன். முதலில் மூச்சு. வேறு எதுவும் செய்யாமல் மூச்சு அடங்கும்வரை மிதக்க வேண்டும். நல்ல முதுகுப்பை உள்ளே காற்றோடு இருந்தால் அதுவே தாங்கும். அடுத்து, வந்த திசைக்குத் திரும்ப வேண்டும். ஒரு நிமிடம் முன்பு நம்மைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கம் கரை கிட்டத்தில் தெரிந்தாலும் அங்கே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆணிகளை ஐஸில் குத்தி, கால்களைப் பின்னால் நீட்டி நீச்சல் போல உதைத்து, உடம்பைப் படுக்கை வாட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் வழுக்கி மேலேற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டு உருண்டு தள்ளிப் போக வேண்டும்.

கூட வந்தவர் விழுந்தால் ஓடிப்போய்க் கை கொடுக்கத்தான் மனம் துடிக்கும். அப்படிப் போனால் இரண்டு பேரும் உள்ளே. படுத்துக்கொண்டு கயிறோ கழியோ ஏணியோ நீட்ட வேண்டும். வெளியே எடுத்தவரை நடக்கவிடக் கூடாது, கை கால்களைத் தேய்க்கக் கூடாது. படுக்கவைத்து, ஈர உடையை மாற்றி, நடு உடம்பைச் சூடாக்க வேண்டும். சைக்கிள் பயணத்தில் மாற்று உடை தண்ணீர் புகாத பைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

என் சைக்கிள் விஷயத்தில் வேகம் என்றால் ஐஸைப் படிக்க நேரமில்லாத வேகம். காருக்கும் லாரிக்கும் வேகம் இன்னொரு வகையில் எமன். 1941-ல் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் ஜெர்மானியர்களால் முற்றுகையிடப்பட்டுப் பட்டினி கிடந்தபோது, லடோகா ஏரியின் ஐஸ்மேல் ஒரு சாலை போட்டார்கள். முதலில் குதிரை வண்டிகள் போயின. நவம்பர் 22 அன்று ஒன்றரை டன் லாரிகள் இறங்கின. ஐஸ் மெலிதாக இருந்ததால் ஒவ்வொரு லாரியிலும் சில மூட்டைகள்தான். விழுந்தால் குதிக்கத் தோதாக ஓட்டுநர்கள் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள், அந்தக் குளிரில். அங்கே ஒரு புதிர். பாரம் ஏற்றி மெதுவாகப் போன வண்டி தப்பியது, பாரம் இறக்கிவிட்டு வேகமாகத் திரும்பிய வண்டி மூழ்கியது.

லெனின்கிராட் இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நவூம் ரெய்னோவ் ஐஸின் வளைவைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றை உருவாக்கி அளந்து பார்த்தார். ஓடும் வண்டிக்குக் கீழே ஐஸ் லேசாகத் தொய்யும். அந்தத் தொய்வு தண்ணீரில் அலையாக ஓடும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் அலை வளர்ந்துகொண்டே போய் ஐஸைப் பிளக்கும். லடோகாவில் அந்த வேகம் மணிக்கு சுமார் 35 கி.மீ. ஆழமில்லாத தண்ணீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 36 வருகிறது. ஒரு நகரத்தின் உயிர் இந்த ஒரு எண்ணில் தொங்கியிருக்கிறது என்று படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

எஸ்டோனியாவில் கடும் குளிர்காலங்களில் கடல் உறைந்தால் ஹியூமா தீவுக்கு 26.5 கி.மீ. நீளத்துக்கு ஐஸ் சாலை திறப்பார்கள். ஏரி இல்லை, கடல்தான், ஆனால் பாடம் அதேதான். இடைப்பட்ட ஆபத்தான வேகத்தில் ஓட்டக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, வண்டிக்கு வண்டி இடைவெளி வேண்டும், சீட் பெல்ட் போடவே கூடாது. வாழ்நாள் முழுக்கப் போடு போடு என்று சொல்லிக் கேட்ட ஒன்றைக் கழற்று என்று சொல்லும் சாலை.

தடிமன் ஏறிவிட்டால் கவலை இல்லையா என்று கேட்பார்கள். சைபீரியாவின் பைக்கால் ஏரியில் ஒரு மீட்டர் வரை ஐஸ் படிகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சைக்கிள்காரர்கள் அங்கே தேடிப் போகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் போகத் தோன்றும். ஆனால் அங்கேயும் வெயிலிலும் குளிரிலும் ஐஸ் விரிந்து சுருங்கி, பத்து முதல் முப்பது கி.மீ. நீளத்துக்கு, இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் பிளவுகள் விடும். பீரங்கி வெடித்தது போலச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இறுகிக் கிடக்கும் ஐஸ்தான் அப்படிப் பேசும். பயப்பட வேண்டியது பிளவின் மேல் இரவில் படியும் புதிய படலத்துக்கு. 1904-ல் ஜப்பானோடு போர் வந்தபோது ரஷ்யர்கள் பைக்கால் ஐஸ்மேல் தண்டவாளமே போட்டார்கள். சோதனைக்கு விட்ட ரயில் எஞ்சின் ஐஸை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள்.

பிளவு மூடும்போது இரண்டு பக்க ஐஸும் முட்டி, வயல் வரப்பு போல மேடு எழும்பும். சைக்கிளில் வருகிறவருக்கு அது ஒரு தடை, தூக்கிக் கடந்துவிடலாம் என்று தோன்றும். வரப்பை ஒட்டி ஐஸ் கீழ்நோக்கி வளைந்திருக்கும், ஒரு பக்கத்தில் திறந்த தண்ணீரோ நேற்றிரவு உறைந்த தோலோ இருக்கும். காலையில் கடந்த இடம் மாலையில் அதே இடமாக இருக்காது. ஜப்பானில் சுவா ஏரியில் இந்த வரப்புக்குத் தெய்வத்தின் தடம் என்று பெயர். ஆண் தெய்வம் ஏரியைக் கடந்து பெண் தெய்வத்தைப் பார்க்கப் போகும் வழி. 1443 முதல் அங்கே கோயில் பூசாரிகள் அதை ஆண்டுதோறும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு நூற்றாண்டுக் கையெழுத்து. 2018-க்குப் பிறகு பல குளிர்காலங்களாக அந்தத் தடம் எழவில்லை.

அது தூரத்துச் செய்தி இல்லை. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மாவும் அவருடைய குழுவும் 10 நாடுகளில் குளிர்காலத்தில் மூழ்கி இறந்த 4,000-க்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குளிர்காலக் காற்றின் வெப்பநிலை −5 டிகிரிக்கும் 0-க்கும் இடையில் இருக்கும்போதுதான் சாவுகள் மிக அதிகம். கடும் குளிரில் ஐஸ் பலமாக இருக்கும். வெயில் காலத்தில் யாரும் ஏற மாட்டார்கள். நடுவில் இருக்கும் இந்த இதமான நாட்களில்தான் வெளியே போக மனம் வரும், ஐஸும் அப்போதுதான் ஏமாற்றும். ‘போன வருடம் இதே தேதியில் இதே வழியில் போனேன்’ என்ற அனுபவம் இப்போது செல்லாது. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஏரி அறிவு ஒரு தலைமுறைக்குள் பழசாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம்.

வசந்தத்தின் ஐஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச் முடிவில் ஒருமுறை கரையோரத்தில் ஒரு துண்டைக் காலால் தட்டினேன். ஒன்றரைச் சாண் தடிமன். விளக்குமாற்றுக் கட்டு அவிழ்ந்தது போல, ஈர்க்கு ஈர்க்காக, விரல் நீளக் குச்சிகளாகச் சரிந்து விழுந்தது. வெயில் ஐஸின் படிகங்களுக்கு இடையில் இறங்கி மேலிருந்து கீழாகப் பிரித்துவிடுகிறது. அளந்தால் 30 செ.மீ. காட்டும். கையில் எடுத்தால் மணி மணியான ஓசையோடு உதிரும். அளவுநாடாவை நம்பவே கூடாத காலம் அது.

விழுந்த மறுநாள், ஏரிக்கரையில் நெடுங்காலமாக மீன்பிடிக்கும் ஒரு பெரியவர் என் சைக்கிளைக் கொக்கி போட்டு இழுத்துக் கொடுத்தார். எதுவும் திட்டவில்லை. ஆணிகளை எங்கே வைத்திருந்தாய் என்று மட்டும் கேட்டார். பையில் என்றேன். தன் கழுத்தில் கிடந்ததைத் தூக்கிக் காட்டினார். கயிறு வியர்வை பட்டுக் கறுத்திருந்தது.

இப்போதும் நான் ஏரிக்குப் போகிறேன். போகாமல் இருக்க முடியவில்லை; காற்றில்லாத காலையில் கறுப்பு ஐஸ்மேல் உருளும்போது வரும் அந்த அமைதியை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் பலர் போய்ப் பழகிய, மரக்கிளை நட்டு வழி குறித்த தடத்தில் மட்டும்தான் ஏறி மிதிக்கிறேன். மற்ற இடங்களில் இறங்கி, ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் வண்டி. தனியாகப் போவதில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போவதும் இல்லை.

இந்தக் குளிர்காலம் பெரியவரோடு அந்த முனைக்கு நடந்து போனேன். நடு ஏரிப் பக்கமிருந்து ஓடையை நோக்கி, பத்து மீட்டருக்கு ஒரு துளை போட்டுக்கொண்டே போனோம். 14. 14. 13. 11. 8. ஆறாவது துளையில் 6. அடுத்த பத்து மீட்டரின் முடிவில் துளைக்கருவி தேவைப்படவில்லை; அவர் படுத்துக்கொண்டு கையை நீட்டி ஒரு குத்துக் குத்தினார், கடப்பாரை உள்ளே போனது. முதல் துளையிலிருந்து மொத்தம் 60 மீட்டர். சைக்கிளில் 11 வினாடி.

தவழ்ந்து பின்னால் வந்து திரும்பிப் பார்த்தேன். முதல் துளையிலிருந்து கடைசி வரை பனி ஒரே சீராக, ஒரே வெள்ளையாகக் கிடந்தது. பெரியவர் கொண்டுவந்த கிளைகளை 11 இருந்த இடத்தில் வரிசையாக நட்டார். நான் துளைகளைச் சுற்றிக் கிடந்த ஐஸ்தூளைக் காலால் தள்ளி மேடாக்கினேன், அடுத்து வருகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.